கிராபிக்ஸ் கார்டு மாற்றிய பிறகு கேம் முன்பைவிட மோசமாக ஓடுகிறதே, எங்கே கோளாறு?

கேள்வியில் இருக்கும் விவரம் இவ்வளவு: ஐ5-10400எஃப், எச்410 போர்டு, 8 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக், 450 வாட் எஸ்எம்பிஎஸ் (மெஷினுக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை), கேம்கள் எல்லாம் ஹார்ட் டிஸ்கில். ஜிடிஎக்ஸ் 1650ஐக் கழற்றிவிட்டு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய ஆர்டிஎக்ஸ் 4060ஐப் போட்டிருக்கிறீர்கள். சில இடங்களில் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்) ஏறுகிறது, ஆனால் வண்டி ஓட்டும்போதும் சட்டென்று திரும்பும்போதும் திக்கித் திக்கி நிற்கிறது. கடையில் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றச் சொல்கிறார்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸுக்கு இப்போது காசு செலவழிக்காதீர்கள். ஆர்டிஎக்ஸ் 4060 இழுப்பது 115 வாட். என்விடியா 550 வாட் சப்ளை பரிந்துரைப்பது உண்மைதான், ஆனால் அது எல்லா வகை பிராசஸருக்கும் இடம் விட்டுச் சொல்லும் கணக்கு. 65 வாட் பிராசஸரோடு நல்ல கம்பெனியின் 450 வாட் சப்ளை தாங்கும். முக்கியமாக, பலவீனமான எஸ்எம்பிஎஸ் காட்டும் அறிகுறியே வேறு: லோடு ஏறியதும் மெஷின் அணைந்துபோகும், ரீஸ்டார்ட் ஆகும், திரை கறுத்துவிடும். எஃப்பிஎஸ் மெல்லக் குறைந்து திக்குவது பெரும்பாலும் அதன் வேலை இல்லை. பெயரே தெரியாத, கேபினட்டோடு சும்மா வந்த சப்ளை என்றால் மட்டும் பாதுகாப்புக்காக மாற்றலாம். அப்படிப்பட்டதில் 8 பின் கேபிள் இல்லாமல் மோலெக்ஸ் கன்வெர்ட்டர் போட்டிருந்தால் கட்டாயம் மாற்றுங்கள், அந்தக் கன்வெர்ட்டர் உருகிப் போகக் கூடியது.

முதலில் அளக்க வேண்டும். கார்டைக் கண்காணிக்கும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரை அதன் மூலத் தளத்திலிருந்து இறக்குங்கள், கூடவே எண்களைத் திரையில் காட்டும் ரிவாட்யூனர் வரும். திரையின் மூலையில் இவை தெரியும்படி வையுங்கள்: ஜிபியு (கார்டின் சிப்) யூசேஜ், ஜிபியு கிளாக், ஜிபியு வெப்பம், வீடியோ மெமரி, ரேம், பிராசஸரின் ஒவ்வொரு கோரின் யூசேஜும் தனித்தனியாக, அப்புறம் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஆகும் நேரத்தைக் காட்டும் ஃப்ரேம்டைம் கோடு. கோர்களைத் தனித்தனியாகப் பார்ப்பது அவசியம். மொத்தமாக 45 சதவீதம் என்று காட்டும்போதே ஒரு கோர் மட்டும் முட்டி நிற்கலாம், கேமின் முக்கிய வேலை அந்த ஒன்றில்தான் மாட்டிக்கொண்டிருக்கும்.

இருபது நிமிடம் விளையாடிவிட்டுப் பாருங்கள். ஜிபியு யூசேஜ் 95க்கு மேலேயே நின்றால் கார்டு முழு வேலை செய்கிறது, பிரச்சினை செட்டிங்கிலோ வெப்பத்திலோ இருக்கிறது. 50, 60 என்று தத்தளித்தால் கார்டு சும்மா காத்திருக்கிறது, வேறு ஏதோ ஒன்று அதற்கு வேலை கொடுக்காமல் தாமதிக்கிறது. சரிபார்க்க எளிய வழி: ரெசல்யூஷனை 720பிக்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் கொஞ்சமும் ஏறவில்லை என்றால் தடை கார்டில் இல்லை என்பது உறுதி.

உங்கள் மெஷினில் என் முதல் சந்தேகம் ரேம். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி பக்கத்தைத் திறந்தால் எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் இருக்கிறது, என்ன வேகம் என்று காட்டும். கேம் ஓடும்போது 8 ஜிபியில் 7.5ஐத் தாண்டியிருந்தால் விண்டோஸ் மிச்சத்தைப் பேஜ் ஃபைலுக்கு (ரேம் போதாதபோது டிஸ்கில் பயன்படுத்தும் இடம்) தள்ளிக்கொண்டிருக்கிறது. அந்தப் பேஜ் ஃபைலும் கேமும் ஒரே ஹார்ட் டிஸ்கில் என்றால் நீங்கள் திரும்பும் ஒவ்வொரு தெருவுக்கும் டெக்ஸ்சர் (பொருள்களின் மேல் ஒட்டும் படம்) தேடி டிஸ்கின் ஊசி ஓட வேண்டும். திக்கல் அங்கேதான் பிறக்கிறது.

பழைய கார்டில் இது ஏன் தெரியவில்லை? பல கேம்கள் புது கார்டைக் கண்டதும் தாங்களாகவே செட்டிங்கை ஹை அல்லது அல்ட்ராவுக்கு ஏற்றிவிடும். 1650இல் மீடியமில் ஓடிய கேம் இப்போது பெரிய டெக்ஸ்சர்களையும் தூரக் காட்சியையும் கேட்கிறது, அதற்குச் சிஸ்டம் ரேமும் கூடுதலாக வேண்டும். போதாதற்கு 4060 ஃப்ரேம்களை வேகமாக முடித்துவிட்டு அடுத்ததைக் கேட்கும், அவ்வளவு வேகத்தில் பிராசஸர் தயார் செய்துதர வேண்டும். 1650 மெதுவாக இருந்ததால் மற்ற பாகங்களின் குறை மறைந்திருந்தது.

ஒற்றை ஸ்டிக்கின் இன்னொரு பாதிப்பு வேகம். டிடிஆர்4 2666 ரேம் ஒரு சேனலில் (ரேமுக்கும் பிராசஸருக்கும் இடையிலான பாதை) நொடிக்கு 21.3 ஜிபி கொடுக்கும், இரண்டு சேனலில் 42.6. எச்410 போர்டில் இந்த ஐ5க்கு 2666தான் உச்சம். 3200 ஸ்டிக் வாங்கினாலும் 2666இல்தான் ஓடும், அந்த வேகத்துக்காகக் கூடுதல் விலை தர வேண்டாம். 8 ஜிபி ஸ்டிக் இன்னொன்று வாங்கி இரண்டாவது ஸ்லாட்டில் போட்டால் 16 ஜிபியும் டூயல் சேனலும் சேர்ந்தே கிடைக்கும். இருப்பதன் அதே மாடல், அதே டைமிங் கிடைத்தால் நல்லது. கலந்து போட்டால் பெரும்பாலும் ஓடும், சில நேரம் ஓடாது, எனவே மாற்றித்தர ஒப்புக்கொள்ளும் கடையில் வாங்குங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டு வைத்திருப்பவர்கள் பெரும்பாலான போர்டுகளில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும், மேனுவலில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பி450, பி550 மாதிரிப் போர்டு என்றால் பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங் திரை) எக்ஸ்எம்பி அல்லது டிஓசிபி என்ற ரேம் வேக செட்டிங்கை ஆன் செய்யாதவரை 3200 ஸ்டிக் 2133 அல்லது 2400இலேயே கிடக்கும். ஆண்டுக்கணக்கில் அப்படியே ஓட்டுபவர்கள் ஏராளம்.

அதோடு கேமை எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். சாட்டா எஸ்எஸ்டியே போதும், எஃப்பிஎஸ்ஸின் சராசரி ஏறாது, ஆனால் அந்தத் திடீர் நிற்றல் குறையும்.

அடுத்து பிசிஐஇ, அதாவது கார்டு போர்டோடு பேசும் வழி. 4060 நான்காம் தலைமுறை, ஆனால் 8 லேன்தான் (தடம்) வைத்திருக்கிறது. உங்கள் போர்டு மூன்றாம் தலைமுறை, ஆகவே நொடிக்கு ஏறக்குறைய 16 ஜிபி போக வேண்டிய வழியில் 8 ஜிபி போகிறது. சாதாரணமாக இதனால் சில சதவீதம்தான் நஷ்டம், வருத்தப்பட ஒன்றுமில்லை. கார்டின் 8 ஜிபி மெமரி நிரம்பினால்தான் கதை மாறும். கார்டுக்குள் மெமரி நொடிக்கு 272 ஜிபி வேகத்தில் ஓடுகிறது, வழிந்தது இந்தக் குறுகிய வழியாக சிஸ்டம் ரேமிலிருந்து வர வேண்டும், அந்த ரேமும் உங்களிடம் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. வீடியோ மெமரி 7.5 ஜிபியைத் தொடும் கேம்களில் டெக்ஸ்சரை மட்டும் ஒரு படி குறையுங்கள். ஒளியின் போக்கைக் கணக்கிடும் ரே டிரேசிங்கை அணையுங்கள், அது மெமரியையும் பிராசஸரையும் சேர்த்தே சாப்பிடும்.

கார்டு ஸ்லாட்டில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பதை ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் சொல்லும். பஸ் இன்டர்ஃபேஸ் என்ற வரியில் உங்களுக்கு எக்ஸ்8, 3.0 என்று வர வேண்டும். சும்மா இருக்கும்போது 1.1 என்று காட்டுவது மின்சாரம் சேமிக்கத்தான், பக்கத்தில் இருக்கும் கேள்விக்குறியை அழுத்தி ரெண்டர் டெஸ்ட்டை ஓடவிட்டுப் பாருங்கள். எக்ஸ்4, எக்ஸ்1 என்று வந்தால் கார்டைக் கழற்றி, ஸ்லாட்டில் ஊதி, மறுபடி கிளிப் சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள். திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் ஜன்னல் திறந்தே இருக்கும் வீடுகளில் உப்புக்காற்றும் தூசியும் சேர்ந்து தொடுமுனையில் படியும். கடைகளில் பென்சில் ரப்பரால் தேய்ப்பார்கள், அதன் துகள் ஸ்லாட்டுக்குள் போகும், தங்கப் பூச்சும் தேயும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைப்பது நல்லது. பெரிய போர்டு வைத்திருப்பவர்கள் கார்டைக் கீழே உள்ள நீள ஸ்லாட்டில் போட்டுவிடக் கூடாது, அது பார்க்க எக்ஸ்16 போல இருந்தாலும் பல போர்டுகளில் சிப்செட் வழியாக நான்கு லேன்தான்.

கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரே தடவையில் அணுக விடும் ‘ரீசைசபிள் பார்’ வசதியையும் பாருங்கள். 400 வரிசைப் போர்டுகள் பலவற்றுக்குப் பயாஸ் அப்டேட்டில் அது வந்தது. 4060க்கு அதனால் கிடைப்பது சிறிய லாபம், இல்லாவிட்டாலும் பாதகமில்லை. இன்டெல் ஆர்க் கார்டு வாங்கியவர்களுக்கோ அது இல்லாமல் கார்டு பாதி உயிரோடுதான் ஓடும். ஆன் செய்ய, பழைய பூட் முறைக்காகப் பயாஸில் இருக்கும் சிஎஸ்எம்மை அணைக்க வேண்டும். விண்டோஸ் இருக்கும் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் இருந்தால் சிஎஸ்எம்மை அணைத்ததும் மெஷின் பூட் ஆகாது. முதலில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பார்த்து, தேவையானால் பேக்கப் எடுத்துவிட்டு ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்றிய பிறகே அதைத் தொடுங்கள்.

டிரைவர் விஷயத்தை எல்லோரும் முதலில் சொல்வார்கள். என்விடியாவிலிருந்து என்விடியாவுக்கு மாறியதால் உங்களுக்கு அது பெரிதாக இருக்காது. ஆனாலும் செலவில்லாத வேலை: புதிய டிரைவரை முன்கூட்டியே இறக்கிவைத்து, இணையத்தைத் துண்டித்து, சேஃப் மோடில் டிடியு (பழைய டிரைவரைத் துடைத்தெடுக்கும் மென்பொருள்) ஓட்டி, ரீஸ்டார்ட் செய்து புதிதாக நிறுவுங்கள். ஏஎம்டியிலிருந்து வந்தவர்கள் இதைச் செய்தே ஆக வேண்டும். நிறுவிய உடனே முதல் சில ஆட்டங்களில் வரும் திக்கலை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். கார்டும் டிரைவரும் மாறினால் ஷேடர் கேஷ் (காட்சி வரையும் சிறு நிரல்களின் சேமிப்பு) காலியாகிவிடும், ஒவ்வொரு வெடிப்பும் புகையும் முதல் தடவை வரும்போது புதிதாகத் தொகுக்கப்படும். அரை மணி நேரம் ஓடிய பிறகு அடங்கினால் அது கோளாறே இல்லை.

சின்னச் சின்ன விஷயங்கள் சிலவும் உண்டு. புது போர்ட்டில் கேபிள் செருகியதும் விண்டோஸ் மானிட்டரைப் புதிதாகக் கருதி 60 ஹெர்ட்ஸுக்கு இறக்கியிருக்கலாம். அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயில் 144ஐத் தேர்ந்தெடுங்கள், முடிந்தால் டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் போடுங்கள். 1650 நாட்களில் வைத்த 60 எஃப்பிஎஸ் வரம்பு கேமிலோ என்விடியா கன்ட்ரோல் பேனலிலோ இன்னும் கிடக்கலாம். 5600ஜி மாதிரி உள்கிராபிக்ஸ் இருக்கும் பிராசஸர்காரர்கள் கேபிளைப் போர்டில் செருகியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். உங்களுடைய 10400எஃப்பில் உள்கிராபிக்ஸே இல்லை, போர்டில் செருகினால் திரையே வராது.

சென்னையில் வெப்பத்தை லேசாக எடுக்க முடியாது. கூலர் காட்டும் எண் எப்போதும் அறை வெப்பத்தின் மேல் இத்தனை டிகிரி என்பதே. ஏசி அறையில் 24இல் 66 காட்டும் கார்டு, கத்திரி வெயிலில் 36 டிகிரி மாடி அறையில் 78ஐத் தொடும். 4060 இந்த அளவைத் தாங்கும், எண்பதுகளின் நடுவுக்குப் போனால்தான் கிளாக்கைக் குறைக்கும். கவலை பிராசஸரைப் பற்றியது. 75 வாட் கார்டு இருந்த இடத்தில் இப்போது 115 வாட், அந்தக் காற்று அப்படியே மேலே இன்டெல் ஸ்டாக் கூலருக்குப் போகிறது. எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் தெர்மல் த்ராட்லிங் (வெப்பத்தால் வேகம் குறைத்தல்) வரியில் யெஸ் வருகிறதா பாருங்கள். வந்தால் கூலரின் நான்கு புஷ் பின்களும் முழுதாக இறங்கியிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள், கார்டு மாட்டும்போது கை பட்டு ஒன்று தளர்ந்திருக்கலாம். பேஸ்ட் காய்ந்திருந்தால் மாற்றுங்கள். கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு அதே கேமை இருபது நிமிடம் ஓட்டுங்கள். எட்டு பத்து டிகிரி இறங்கினால் முன்பக்கம் காற்று உள்ளே வர வழியில்லை என்று அர்த்தம். முன்னால் முழுக் கண்ணாடி மூடிய கேபினட்களில் இது சகஜம், 120 மிமீ ஃபேன் இரண்டு போட்டால் தீரும். புளோயரால் சுத்தம் செய்யும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தாறுமாறாகச் சுற்றி பேரிங் கெடும்.

ரேமும் எஸ்எஸ்டியும் மாற்றிய பிறகும் சிஎஸ்2, வாலரன்ட் போன்றவற்றில் ஜிபியு யூசேஜ் 60ஐத் தாண்டாமல் இருக்கலாம். 1080பியில் அந்த கேம்கள் பிராசஸரையே நம்பி ஓடுபவை, அது இயல்பு. மற்ற கேம்களில் அப்படி இருந்தால் கூட்டத்தின் அடர்த்தி, தூரக் காட்சி, நிழல் ஆகிய மூன்றைக் குறையுங்கள், பிராசஸருக்குச் சுமை இறங்கும். குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ்ஸை அந்த நிலையில் ஏற்றிப் பயனில்லை. இடையிடையே ஃப்ரேம்களை உருவாக்கிச் செருகும் ஃப்ரேம் ஜெனரேஷன் எண்ணை ஏற்றும், ஆனால் அடிப்படை ஃப்ரேம் 40க்குக் கீழே இருந்தால் மவுஸ் கனத்துப் போகும். இந்தப் போர்டிலேயே பிராசஸரை ஏற்ற நினைத்தால் பத்தாம் தலைமுறை ஐ7-10700 வரை யோசிக்கலாம், ஆனால் விஆர்எம்மில் (பிராசஸருக்கு மின்சாரம் தரும் பகுதி) ஹீட்சிங்க் இல்லாத எச்410 போர்டில் அதைப் போட நான் சொல்ல மாட்டேன்.

இத்தனைக்குப் பிறகும் ஜிபியு யூசேஜ் 98இல் நிற்க, வெப்பமும் சரியாக இருக்க, எஃப்பிஎஸ் மட்டும் குறைவு என்றால்தான் கார்டைச் சந்தேகிக்கலாம். ஜிபியு-இசட்டில் ஷேடர் (இங்கே கார்டின் கணக்கிடும் அலகு) எண்ணிக்கை 3072 என்று வர வேண்டும். செகண்ட் ஹேண்ட் சந்தையில் பெயர் மாற்றி பயாஸ் எழுதிய கார்டுகள் சுற்றுகின்றன, 2304 ஷேடர் உள்ள ஆர்எக்ஸ் 580 என்ற பெயரில் 2048 மட்டும் உள்ள கார்டும் விற்கிறது. நண்பர் ஒருவரின் மெஷினில் அதே கார்டைப் போட்டு அதே கேமின் பெஞ்ச்மார்க்கை ஓட்டுங்கள், அங்கேயும் அதே குறைவு என்றால் இரண்டு முடிவுகளையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பில்லோடும் பெட்டியின் சீரியல் ஸ்டிக்கரோடும் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்.