கோவைப் பக்கம் இருந்துகொண்டு பழங்கட்டடப் பாதுகாப்பு வேலைக்குள் எப்படி நுழைவது?

பி.ஆர்க் என்ற கட்டடக்கலைப் படிப்பை முடிக்கப் போகிறீர்கள், பழைய கட்டடங்களைக் காப்பாற்றும் வேலைதான் வேண்டும், உடனே முதுகலை சேர்வதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஈரோட்டுப் பக்கம் இதே வேலையில் இருக்கிறேன். கொஞ்சம் பொறுங்கள், முதலில் ஒரு சுண்ணாம்புக் கொத்தனாரோடு வேலை செய்யுங்கள் என்பதுதான் என் பதில்.

நான் பார்த்தவரை, நடுவில் திறந்த முற்றம் வைத்துக் கட்டிய நம் ஊர்த் தொட்டிக்கட்டு வீடுகளை வயதைவிட சிமெண்ட் பூச்சுதான் அதிகம் கெடுக்கிறது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், திரும்ப வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் போக வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடும். உப்பு பூக்கும், செங்கல் மாவாக உதிரும், கடைசியில் பூச்சும் பாளம் பாளமாகக் கழன்று விழும். வீட்டுக்காரர் மறுபடியும் சிமெண்டைத்தான் பூசுவார்.

இதைப் புத்தகத்தில் படித்தால் புரியும், கைக்கு வராது. சுண்ணாம்பை நீற்றி எவ்வளவு நாள் ஊறப்போடுவது, எந்த மணல் சேர்ப்பது, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீரை எந்தப் பதத்தில் ஊற்றுவது என்பதெல்லாம் வயதான சில கொத்தனார்கள் கையில்தான் இன்னும் இருக்கிறது. அவர்களுக்குப் பின்னால் ஆள் இல்லை. எனக்கு இந்தத் துறையில் உள்ள பெரிய கவலையே அதுதான். "நானும் கூட நின்னு கத்துக்கட்டுங்களாண்ணா" என்று கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்லிக்கொடுப்பார்கள்.

அப்புறம், அளந்து வரையப் பழகுங்கள். உறவுக்காரர் வீடாகவே இருக்கட்டும். ஆசாரம் (கூடம்), தொட்டி (முற்றம்), உத்தரம், ஓடு எல்லாவற்றையும் அளந்து, விரிசலும் ஈரமும் எங்கே என்று குறியுங்கள். வேலைக்கு ஆள் எடுக்கும்போது நான் மதிப்பெண்ணுக்கு முன்னால் இந்த வரைபடங்களைத்தான் கேட்பேன்.

கோயில் வேலை வேறு. அறச்சலூர் இசைக் கல்வெட்டையும் விஜயமங்கலம் சமணக் கோயிலையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று மணலைப் பீய்ச்சி அடித்தால் எழுத்தே தேய்ந்துவிடும், போனால் போனதுதான். கல்வெட்டு இருக்கிற இடத்தில் யாராவது அப்படிச் செய்யப் போனால் தடுக்கிற துணிச்சல் உங்களுக்கு வேண்டும். சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும்.

இவ்வளவும் பழகின பிறகு டெல்லி, போபால், அகமதாபாத் என்று முதுகலைக்குப் போங்கள், வகுப்பில் கேட்க உங்களிடம் கேள்விகள் இருக்கும். அதுவரை, பாரம்பரியச் சின்னங்களைக் காக்க 1984இல் தொடங்கிய இன்டாக் அமைப்பின் கோவைக் கிளையில் சேர்ந்துகொள்ளலாம்.

சம்பளம் ஆரம்பத்தில் குறைவுதான், வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கூடவே புதுவீட்டு வரைபட வேலையும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள், எங்களில் பலர் அப்படித்தான் சமாளிக்கிறோம்.