கரப்பான் புண்ணில் எம்.ஆர்.எஸ்.ஏ.: இனி மருந்தே கேட்காதா?

கேள்வி: என் மகனுக்கு நாலு வயது. ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோதே கரப்பான் வந்துவிட்டது. முழங்கை மடிப்பு, கழுத்து, முழங்காலுக்குப் பின்னால் என்று சொறிந்தே புண்ணாக்கிக்கொள்கிறான். கத்திரி வெயிலில் புண்ணில் நீர் வடிந்தது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு மூன்று ஆயின்மென்ட் மாற்றிப் போட்டேன். இப்போது டாக்டர் சீழ் எடுத்து டெஸ்ட் செய்ததில் 'எம்.ஆர்.எஸ்.ஏ.' என்று வந்திருக்கிறது. இனி எந்த மருந்தும் கேட்காதா? வீட்டில் எட்டு மாதக் கைக்குழந்தையும் இருக்கிறாள்.
- வாசகி ஒருவர், வியாசர்பாடி

பதில்: பயப்படாதீர்கள் அம்மா, மருந்து இருக்கிறது. பலருடைய மூக்கிலும் தோலிலும் சும்மா குடியிருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியில் ஒரு வகைதான் இது. மெத்திசிலின் என்ற ஆன்டிபயாடிக் 1959-ல் வந்தது. 1961-லேயே அதற்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸை இங்கிலாந்தில் பார்த்துவிட்டார்கள். அதைத்தான் சுருக்கமாக எம்.ஆர்.எஸ்.ஏ. என்கிறோம். அமாக்ஸிசிலின், செஃபலெக்சின் சிரப்பெல்லாம் இதனிடம் பலிக்காது. ஆனால் உங்கள் ரிப்போர்ட்டைப் பாருங்கள். ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே 'எஸ்' அல்லது 'ஆர்' என்று போட்டிருக்கும். 'எஸ்' என்றால் அந்த மருந்துக்குக் கிருமி அடங்கும். ஆன்டிபயாடிக் தேவைப்பட்டால் டாக்டர் அதிலிருந்துதான் தேர்ந்தெடுப்பார்.

அந்த மூன்று ஆயின்மென்ட்தான் எனக்குக் கவலை. என்னிடம் வரும் அம்மாக்கள் கேரி பேக்கை மேஜையில் கவிழ்ப்பார்கள். பாதி பிதுக்கிய ஏழெட்டு டியூப் விழும். ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், படைக்கான மருந்து மூன்றையும் கலந்த டியூப் ஒன்றாவது அதில் இருக்கும். கரப்பான் புண்ணைச் சோதித்தால் பத்துக்கு ஏழு பேரிடம் இந்த ஸ்டஃப் கிருமி இருக்கும். அரிக்கும்போதெல்லாம் ஃபியூசிடிக் ஆசிட், மியூபிரோசின் போன்ற ஆன்டிபயாடிக் ஆயின்மென்ட் தடவினால் சாதுவான கிருமி சாகும், முரட்டுக் கிருமி தங்கிப் பெருகும். ஆரம்ப வருடங்களில் நானும் சிவந்த தோலுக்கெல்லாம் இவற்றை எழுதிக் கொடுத்தேன். இன்று அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. லேசாகச் சீழ் வைத்த கரப்பானுள்ள 113 குழந்தைகளை வைத்து பிரிட்டனில் ஓர் ஆய்வு நடந்தது. ஸ்டீராய்டு க்ரீமும் மாய்ஸ்சரைசரும் எல்லோருக்கும் உண்டு; அதற்கு மேல் ஆன்டிபயாடிக் கொடுத்ததில் சொல்லும்படியான பலன் இல்லை. சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்பதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று மருத்துவச் சங்கங்கள் 2012-ல் கூடிச் சொன்னது நம் சென்னையில்தான். சென்னைப் பிரகடனம் என்றே அதற்குப் பெயர்.

எனவே தோலை ஆற்றுங்கள். தோல் ஆறினால் கிருமியும் குறையும். வெதுவெதுப்பான நீரில் ஐந்து, பத்து நிமிடக் குளியல். துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் காயுமுன் மாய்ஸ்சரைசர். கஞ்சத்தனம் வேண்டாம், இந்த வயதுக்கு வாரம் 150 முதல் 200 கிராம் வரை ஆகும். டப்பாவில் விரலை விடாமல் சுத்தமான ஸ்பூனால் எடுங்கள், இல்லாவிட்டால் டப்பாவிலேயே கிருமி சேரும். ஸ்டீராய்டு க்ரீம் என்றதும் பயந்து பொட்டு வைப்பதுபோல் தடவாதீர்கள். டாக்டர் சொன்ன க்ரீமை, சொன்ன நாட்களுக்கு, விரல்களோடு சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு விரல் நுனி அளவு, அதாவது பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கிய அளவு, எடுத்துப் போடுங்கள். இரவில் அவன் சொறியாமல் தூங்கினாலே பாதிப் புண் ஆறிவிடும். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

பாப்பாவைப் பிரித்து வைக்க வேண்டாம். அண்ணனுக்கு மருந்து போட்டதும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு அவளைத் தூக்குங்கள். துண்டும் தலையணையும் தனித்தனியாக இருக்கட்டும். வடியும் புண்ணை மூடி வையுங்கள்.

அப்புறம் ஒன்று. காய்ச்சல் வந்தாலோ, சிவப்பு மளமளவென்று பரவினாலோ, ஒரே அளவில் கொத்துக் கொத்தாகக் கொப்புளம் வந்து வலித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்தக் கொப்புளம் ஹெர்பிஸ் வைரஸாக இருக்கலாம். அதற்கு மருந்தே வேறு. உடனே எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். ரிப்போர்ட்டையும் அந்த மூன்று டியூப்களையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.