பாம்புக்குக் கால் வரையுறதுன்னு சீனாவுல சொல்றாங்களே, அப்படின்னா என்ன?

சீன மொழியில பெரும்பாலும் நாலே எழுத்துல வர்ற மரபுத்தொடருக்கு செங்யூன்னு பேரு, இதுவும் அதுல ஒண்ணு, முடிஞ்ச வேலையில தேவையில்லாம எதையோ சேர்த்துக் கெடுக்கறது. கதை 'சான் குவோ ட்ஸ'ங்கிற பழைய நூல்ல இருக்கு: ச்சூ நாட்டுல சில பேருக்கு ஒரு கோப்பை மது கிடைச்சுது, எல்லாருக்கும் பத்தாது, தரையில முதல்ல பாம்பு வரைஞ்சவனுக்குன்னு பந்தயம், முதல்ல முடிச்சவன் சும்மா இருக்காம கால் வரைய ஆரம்பிச்சான், அதுக்குள்ள இன்னொருத்தன் முடிச்சுட்டு பாம்புக்கு ஏதுய்யா காலுன்னு கோப்பையப் புடுங்கிக் குடிச்சுட்டான்! ஒரு போர்ல ஜெயிச்ச கையோட அடுத்த நாட்டு மேல பாயப் போன தளபதியத் தடுக்கச் சொன்ன கதையாம் இது. நாலு எழுத்துல இவ்வளவும் எப்படின்னா, 'சீச்சீ இந்தப் பழம் புளிக்கும்'னாலே நமக்கு நரி ஞாபகம் வருதில்ல, அப்படித்தான். இதுக்கு வேலையத் தப்பா செய்யறதுன்னு அர்த்தம் இல்லைங்க, அவன் பாம்ப சரியாத்தான் வரைஞ்சான்.