அந்தமானுக்குப் பெட்டி கட்டும்போது: வாசகர் கேள்விகள்

டிசம்பர் விடுமுறை நெருங்கினால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி அந்தமானைப் பற்றித்தான் இருக்கும். எங்கே போவது என்று கேட்பவர்கள் குறைவு, என்ன எடுத்துப் போவது என்பவர்களே அதிகம். குழுக்களை அழைத்துக்கொண்டு பல வருடங்களாகப் போய் வருகிறேன். ஈரத்தையும் படகையும் நினைத்துக் கட்டிய பெட்டிதான் அங்கே கைகொடுக்கும். மற்றதெல்லாம் சுமை.

நாங்கள் நான்கு பேர், ஆறு நாள் பயணம். இரண்டு பெரிய டிராலி பெட்டிகள் போதுமா? (கோவை)

போதும் என்பது பிரச்சினையே இல்லை, அதை யார் தூக்குவது என்பதுதான் பிரச்சினை. சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டேகால் மணி நேரத்தில் ஸ்ரீ விஜயபுரம் போய்விடுவீர்கள். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேருக்கு வைத்த புதுப் பெயர் அது. ஊர்க்காரர்கள் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான். அங்கிருந்து ஹேவ்லாக் தீவு, ஹேவ்லாக்கிலிருந்து நீல் தீவு, நீலிலிருந்து மறுபடி போர்ட் பிளேர் என்று மூன்று படகு ஏற வேண்டும். ஒவ்வொரு முறையும் ஏற்ற, இறக்க, நீளமான படகுத்துறையில் நடக்க என்று பெட்டி உங்கள் கையில்தான் இருக்கும்.

ஒரு தடவை என் டிராலியின் சக்கரம் படகுத்துறைப் பலகை இடுக்கில் மாட்டி உடைந்தது. மிச்ச நான்கு நாளும் கல்யாண வீட்டு அண்டாவைச் சுமப்பதுபோல அதை இடுப்பில் வைத்துச் சுமந்தேன். அதனால் இரண்டு பெரிய பெட்டிக்குப் பதிலாக ஆளுக்கொரு முதுகுப் பை என்று நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். சில படகுகளில் சாமான்களைத் திறந்த தளத்தில் குவித்து வைப்பார்கள். அலை தெறிக்கும், மழையும் வரும். துணிகளைக் கெட்டியான பாலித்தீன் உறையில் கட்டிப் பைக்குள் வைத்தால் தப்பிக்கலாம்.

இன்னொன்று, கடைசியில் எப்படியும் போர்ட் பிளேருக்குத் திரும்பத்தானே போகிறீர்கள்? தீவுகளுக்குத் தேவைப்படாத சாமானை அங்கே தங்கும் விடுதியிலேயே விட்டுவிட்டுப் போக முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். பல இடங்களில் சரி என்பார்கள்.

அம்மாவுக்கு 62 வயது. புடவை தவிர வேறு எதுவும் உடுத்த மாட்டார். ஆனால் கடலில் இறங்க ஆசை. (தஞ்சாவூர்)

அம்மாவின் ஆசை எனக்குப் பிடித்திருக்கிறது. கரையில் நின்று கால் நனைக்கப் புடவை போதும். இடுப்பளவு இறங்கினால்தான் ஆபத்து. நனைந்த பருத்திப் புடவை கனத்து, காலைச் சுற்றிக்கொண்டு, அலை திரும்பும்போது ஆளையே இழுக்கும். நைட்டியோடு இறங்குபவர்களையும் பார்த்திருக்கிறேன். அது காற்றடைத்த பலூன் மாதிரி மேலே எழும்பிவிடும், அப்புறம் அதை அமுக்கிப் பிடிப்பதிலேயே நேரம் போய்விடும்.

முழுக்கை பாலியஸ்டர் டி-ஷர்ட், கணுக்கால் வரை நைலான் லெக்கிங்ஸ், வேண்டுமானால் மேலே முழங்கால் வரை ஒரு மெல்லிய குர்தா. உடம்பு முழுக்க மூடியிருக்கும், வெயிலும் படாது, அரை மணியில் காய்ந்துவிடும். “இது குளிக்கிற துணிதான், வெளியே போடுகிற துணி இல்லை” என்று சொல்லிப் பாருங்கள். என் அத்தை அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் இறங்கி வந்தார்.

மற்றவர்களுக்கும் இதே கதைதான். அங்கே காற்றிலேயே ஈரம் இருப்பதால் ஜீன்ஸ் நனைந்தால் இரண்டு நாளானாலும் காயாது. தடித்த டர்க்கி டவலும் அப்படித்தான். நம் ஈரோட்டுத் துண்டுக்கு ஈடான பயணப் பொருள் உலகத்தில் இல்லை என்பது என் கட்சி. மடித்தால் கையளவு, கொடியில் போட்டால் ஒரு மணி நேரத்தில் காயும். கூடவே ஒரு லுங்கி. கடற்கரையில் மறைவாக உடை மாற்ற, மணலில் விரித்து உட்கார, படகில் குளிரெடுத்தால் போர்த்திக்கொள்ள எல்லாவற்றுக்கும் ஆகும்.

செருப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நீல் தீவில் இயற்கைப் பாலம் பார்க்கக் கடல் வற்றும் நேரத்தில் கூரான பாறைகள் மேல் நடந்து போக வேண்டும். வழுக்கும், காலையும் கிழிக்கும். பின்பக்கம் வார் உள்ள ரப்பர் செருப்பு அம்மாவுக்குக் கட்டாயம்.

ஸ்வெட்டர் வேண்டுமா? (சேலம்)

வேண்டாம். டார்ச் வேண்டும். நம் கடிகாரம் கிழக்கே 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது, போர்ட் பிளேர் இருப்பதோ 92.7 டிகிரியில். கிட்டத்தட்ட 40 நிமிட வித்தியாசம். டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே சூரியன் விழுந்துவிடும். ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரையில் அஸ்தமனம் பார்க்க ஐந்தரைக்கு ஆற அமரப் போய்ச் சேர்ந்து, இருட்டைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிய குடும்பங்கள் உண்டு. நான்கு மணிக்கு அங்கே இருங்கள்.

என் மகளுக்கு பஸ்ஸிலேயே வாந்தி வரும். படகில் என்ன செய்வது? வேறு என்ன மருந்து எடுத்துப் போகலாம்? (திருநெல்வேலி)

வாந்தி மாத்திரையில் எல்லோரும் செய்யும் தவறு, குமட்ட ஆரம்பித்த பிறகு போடுவது. அதற்கு மேல் மாத்திரை வயிற்றில் தங்காது. படகு கிளம்ப அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். பிள்ளைக்கு எது, எவ்வளவு என்பதை உங்கள் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இந்த மாத்திரைகளில் பல தூக்கம் வரவைக்கும். வெறும் வயிற்றிலும் ஏற்றாதீர்கள், பூரி கிழங்கு சாப்பிடவைத்தும் ஏற்றாதீர்கள். இரண்டு இட்லி சரி. படகின் நடுப்பகுதியில் ஆட்டம் குறைவு. செல்போனைக் கொடுக்காமல் தூரத்து அடிவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மற்றபடி ஓ.ஆர்.எஸ். பொட்டலம், புண்ணுக்கு ஆன்டிசெப்டிக் களிம்பு, கொசு விரட்டும் கிரீம். கடற்கரை மணலில் கண்ணுக்கே தெரியாத சின்னப் பூச்சிகள் உண்டு, கடித்த இடம் நாலு நாள் அரிக்கும். அரிப்புக்கு ஒரு களிம்பும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்கூபா செய்யும் எண்ணம் இருந்தால் அதைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். ஒரு முறை மூழ்கினால் விமானம் ஏறக் குறைந்தது 12 மணி நேரம், பல முறை என்றால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன், விமானத்துக்குள் அழுத்தம் குறையும்போது குமிழியாகப் பிரிந்து வந்தால் ஆபத்து.

அக்கா, பயணத் தேதியும் மாதவிலக்குத் தேதியும் ஒன்றாக வருகிறது. கடலில் இறங்கவே முடியாதா? (பெயர் வேண்டாம்)

தாராளமாக இறங்கலாம்மா. நாப்கின் கடலுக்கு ஆகாது, தண்ணீரை உறிஞ்சிக் கனத்துவிடும். டாம்பூன் (உள்ளே வைக்கும் பஞ்சு) அல்லது மென்ஸ்ட்ருவல் கப் (உள்ளே வைக்கும் சின்னக் கிண்ணம்) வேண்டும். கப்பை அங்கே போய் முதல் தடவையாக முயற்சி செய்யாதே, ஒன்றிரண்டு மாதம் முன்பே வீட்டில் பழகிவிடு. தேதியைத் தள்ளிப்போட மாத்திரைதான் என்றால், அதை வழக்கமாக மூன்று நாள் முன்பே தொடங்க வேண்டியிருக்கும். எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது, டாக்டரைப் பார்க்காமல் கடையில் வாங்காதே. நாப்கின்தான் என்றால் வழியெல்லாம் குப்பைத்தொட்டி தேடாமலிருக்க, காகிதப் பை நாலைந்து கையில் வைத்துக்கொள்.

இட்லிப் பொடி, ஊறுகாய் விமானத்தில் விடுவார்களா? (மதுரை)

மதுரைக்காரர் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்! செக்-இன் பெட்டியில் வையுங்கள், கைப்பையில் வைத்தால் சோதனையில் நிறுத்துவார்கள். கொப்பரைத் தேங்காயை மட்டும் கொண்டு போகாதீர்கள். எண்ணெய்ச் சத்தால் தீப்பிடிக்கும் பொருள் என்று அதற்குத் தடை. பவர் பேங்க் இதற்கு நேர்மாறு, கைப்பையில்தான் இருக்க வேண்டும். ஆனால் ஒரு சந்தேகம், இவ்வளவும் எதற்கு? போர்ட் பிளேரில் தமிழர்கள் ஏராளம். இட்லி, தோசைக்குக் குறைவில்லை. அபர்தீன் பஜாரில் சோப்பு, சீப்பு, தொப்பி, செருப்பு எல்லாம் வாங்கலாம்.

செல்போன் சிக்னல், பணம் எப்படி? (சென்னை)

2020 ஆகஸ்டில் உங்கள் சென்னையிலிருந்தே கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் போட்டு இணைத்த பிறகு நிலைமை எவ்வளவோ தேவலை. ஆனாலும் சின்னத் தீவுகளில் சிக்னல் வரும், போகும். இளநீர்க் கடையில் யு.பி.ஐ. சுற்றிக்கொண்டே இருக்கும்போது நூறு ரூபாய்த் தாளின் அருமை தெரியும். படகு டிக்கெட்டை அச்சடித்து, அடையாள அட்டையின் அசலோடு வைத்துக்கொள்ளுங்கள். போனுக்குக் கழுத்தில் தொங்கும் வாட்டர்ப்ரூஃப் உறை வாங்கினால், முதலில் வீட்டு வாளியில் டிஷ்யூ காகிதத்தை உள்ளே வைத்து முக்கிச் சோதியுங்கள்.

பாராடாங் தீவுக் குகைகளுக்குப் போனால் ஜாரவா பழங்குடி மக்களின் காப்புப் பகுதி வழியாக வண்டிகள் வரிசையாகப் போகும். அங்கே படம் எடுப்பது குற்றம். போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடிவிடுங்கள்.

திரும்பி வரும்போது சிப்பி, பவளம் எடுத்து வரலாமா? என் பையன் சேகரிக்கிறான். (புதுச்சேரி)

பவளம் கூடவே கூடாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் அது பாதுகாக்கப்பட்ட உயிரினம். கரையில் செத்து ஒதுங்கிய துண்டுக்கும் விலக்கு இல்லை, விமான நிலையச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். சிப்பிப் பொருள் வேண்டுமென்றால் கடையில் பில்லோடு வாங்குங்கள், அந்தப் பில்லை ஊர் வந்து சேரும்வரை தொலைக்காதீர்கள். பையனுக்கு ஒரு நோட்டும் கலர் பென்சிலும் எடுத்து வையுங்கள். பார்த்ததை எல்லாம் வரைந்து கொண்டு வரட்டும், அதை யாரும் பிடுங்க மாட்டார்கள்.