ஹவானா சுருட்டு: பெட்டியைப் பார்ப்பதா, சுருட்டைப் பார்ப்பதா?

கேள்வி: கடந்த டிசம்பரில் ஹவானாவுக்குச் சென்றிருந்த என் தம்பி, சுருட்டுத் தொழிற்சாலைப் பணியாளர் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்ட ஒருவரிடம் கோஹிபா என்ற கியூபச் சுருட்டு 25 கொண்ட பெட்டியை 80 டாலருக்கு வாங்கி வந்திருக்கிறான். மூடி கண்ணாடியால் ஆனது. பச்சை நிற அரசு முத்திரைத்தாளும் ஒட்டப்பட்டிருக்கிறது. இவை அசல்தானா?

பதில்: அல்ல. கண்ணாடி மூடி ஒன்றே போதும். அசல் கோஹிபா அப்படிப்பட்ட பெட்டியில் விற்பனைக்கு வருவதில்லை. விலையும் அதையே சொல்கிறது. 2022-ஆம் ஆண்டில் கோஹிபா, டிரினிடாட் ஆகிய இரு சுருட்டு வகைகளின் விலைகளும் உலகெங்கும் ஹாங்காங் விலையை ஒட்டி உயர்த்தப்பட்டபின், 80 டாலர் என்பது முழுப் பெட்டிக்கான தொகையாக இருக்க வழியில்லை. ஓரிரு சுருட்டுகளுக்கே அது சரியாகப் போய்விடும்.

தொழிற்சாலைப் பணியாளர்களுக்கு அவ்வப்போது சில சுருட்டுகள் வழங்கப்படுவதுண்டு என்பதால்தான், "இன்று மட்டும் கூட்டுறவுச் சங்க விற்பனை" போன்ற கதைகளை ஹவானாத் தெருக்களில் பலரும் நம்பிவிடுகிறார்கள். ஆனால் அவ்வாறு வழங்கப்படுபவை முத்திரையிட்ட பெட்டிகளாக வருவதில்லை.

முத்திரைத்தாளைப் பொறுத்தவரை, 1889 முதல் வழக்கில் இருந்து, 1912-இல் கியூபச் சட்டத்தால் உறுதிப்படுத்தப்பட்ட அந்தத் தாளில் 2010 முதல் ஹோலோகிராமும் பட்டைக்குறியும் சேர்க்கப்பட்டுள்ளன. அந்தப் பட்டைக்குறியின் எண்ணை, கியூபச் சுருட்டுகளை விற்கும் ஹபானோஸ் நிறுவனத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். எனினும் ஓர் அசல் பெட்டியின் எண்ணையே நூறு போலிப் பெட்டிகளில் அச்சிட்டுவிட முடியும் என்பதால், எண் பொருந்துவதை மட்டுமே சான்றாகக் கொள்ள வேண்டாம்.

முத்திரையைவிடச் சுருட்டே தெளிவாகப் பேசும். அசல் பெட்டியில் சுருட்டுகளை நிறம் பிரித்து, அடர்ந்த நிறத்திலிருந்து வெளிறிய நிறத்துக்கு இடமிருந்து வலமாக அடுக்கியிருப்பார்கள். காகித வளையங்கள் ஒரே உயரத்தில், ஒரே திசை நோக்கி இருக்கும். கோஹிபாவின் ரொபுஸ்டோ என்ற அளவு 124 மில்லிமீட்டர் நீளமும் ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் பருமனும் கொண்டது. அளவுகோல் வைத்துப் பாருங்கள். பிறகு மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு ஒன்றை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். அசலில் முழு நீள இலைகள் மடிந்து கிடக்கும். தூளும் காம்பும் துண்டு இலையுமாகக் கொட்டினால், மற்ற 24 சுருட்டுகளையும் பற்றவைக்கவே வேண்டாம், ஏனெனில் அவற்றில் என்ன கலந்திருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது.

கேள்வி: 1988-ஆம் ஆண்டு மான்டிக்ரிஸ்டோ பெட்டி ஒன்று இணையத்தில் விற்பனைக்கு வந்துள்ளது. ஆண்டை எப்படி உறுதிசெய்வது?

பதில்: பெட்டியின் அடிப்பக்கப் படத்தைக் கேட்டு வாங்குங்கள். "முழுக்கக் கையால் செய்யப்பட்டது" என்ற பொருள் தரும் "டோடால்மென்டே ஆ மானோ" என்ற சொற்றொடர் 1989-இல்தான் சேர்க்கப்பட்டது. ஹபானோஸ் நிறுவனம் தொடங்கப்பட்டதே 1994-இல். அதற்கு முன் கியூபாடபாக்கோ என்ற பெயரே இருந்தது. ஆகவே 1988 என்று சொல்லப்படும் பெட்டியில் அந்தச் சொற்றொடரோ ஹபானோஸ் என்ற நிறுவனப் பெயரோ இருந்தால் விற்பவர் பொய் சொல்கிறார். அந்தக் காலப் பெட்டிகளில் மாதமும் ஆண்டும் நேரடியாக எழுதப்படவில்லை. 1985 முதல் "நிவெலாகுசோ" (NIVELACUSO) என்ற பத்து ரோமன் எழுத்துச் சொல்லின் எழுத்துகளை முறையே 1 முதல் 9 வரையும் இறுதி எழுத்தைச் சுழியமாகவும் கொண்டு மறைகுறியாக இட்டார்கள். இவ்வளவும் பொருந்தினாலும், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அது எங்கே, எந்த ஈரப்பதத்தில் இருந்தது என்பதைச் சொல்ல முடியாதவரிடம் நான் வாங்கமாட்டேன்.

கேள்வி: முறையான கடையில் ரசீதுடன் வாங்கிய பார்ட்டாகாஸ் பெட்டி ஒன்றைச் சென்னை வீட்டில் ஐந்தாண்டுகள் வைத்துப் பக்குவப்படுத்த விரும்புகிறேன். குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா?

பதில்: நெடுநாள் வைப்பதற்குச் சமையலறைக் குளிர்சாதனப் பெட்டி ஆகாது, அது ஈரத்தை உறிஞ்சி மேல் இலையை வெடிக்கச் செய்யும், நேற்று வைத்த சாம்பாரின் வாசனையையும் ஏற்றிவிடும். சுருட்டு கேட்பது ஏறத்தாழ 65 சதவீத ஈரப்பதமும் 18 டிகிரி வெப்பமும். சென்னையில் ஈரப்பதத்தைவிட வெப்பமே பெரிய பகை. நம் மஞ்சள் மூட்டைகளைத் துளைக்கும் அதே சிகரெட் வண்டின் முட்டைகள் இலையில் இருந்தால், 24 டிகிரியைத் தாண்டிய வெப்பத்தில் அவை பொரிந்து, ஊசி முனை அளவுத் துளைகளுடன் பெட்டி முழுவதும் பரவிவிடும். ஏற்றுமதிக்கு முன் கியூபாவில் உறையவைக்கும் வழக்கம் இருந்தாலும், காற்றுப் புகாத இரட்டை உறையிலிட்டு மூன்று நாள் உறைநிலையிலும், அடுத்த ஒரு நாள் சாதாரணக் குளிரிலும் வைத்து, பின்னர் அறை வெப்பத்துக்குக் கொண்டுவருவது நல்ல முன்னெச்சரிக்கை.

அதன்பின், வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் சிறிய ஒயின் அலமாரியில், 65 சதவீத ஈரப்பதத்தைக் காக்கும் பைகளுடன், அசல் மரப்பெட்டியிலேயே வைத்திருங்கள். ஈரமானியை நம்புவதற்கு முன் சோதித்துக்கொள்வது அவசியம்: நீர் தெளித்துச் சேறுபோலாக்கிய சமையல் உப்பையும் ஈரமானியையும் மூடிய டப்பாவில் ஒரு நாள் வைத்தால், அது 75 காட்ட வேண்டும். புதிய சுருட்டில் அம்மோனியா நெடி வீசினால் பதறவேண்டாம். நொதித்தல் இன்னும் அடங்கவில்லை என்பதே அதன் பொருள். பார்ட்டாகாஸ், பொலிவார் போன்ற காரமானவை ஐந்தாண்டுக்கு மேலும் நன்றாகத் தாங்கும். மென்மையானவற்றை அவ்வளவு நாள் வைத்தால் மணமே மிஞ்சாது என்பது என் கருத்து. வெண்பொடி படிந்தால் "முதிர்ச்சியின் பூ" என்று விற்பவர்கள் சொல்வார்கள். பெரும்பாலும் அது பூஞ்சைதான்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து எத்தனை சுருட்டுகளைக் கொண்டுவரலாம்?

பதில்: இந்தியாவுக்குள் தீர்வையின்றி 25 சுருட்டுகள், அதற்கு மேற்பட்டவற்றுக்குக் கடும் தீர்வை உண்டு. சிங்கப்பூரில் புகையிலைக்குச் சலுகையே கிடையாது. ஒன்றே ஒன்றாயினும் அறிவித்துத் தீர்வை செலுத்த வேண்டும். உள்ளூர்க் கடையில் வாங்குவதாக இருந்தால், 85 சதவீதப் பரப்பில் அச்சிட வேண்டிய எச்சரிக்கைப் படம் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத பெட்டி முறைப்படி விற்பனைக்கு வந்ததல்ல.