கோழியா, கோடியா?

கேள்வி: ஓசூர் சந்தையில் தெலுங்கு பேசுபவர் கோழியைக் காட்டி ‘கோடி’ என்கிறார். நம் கோடிக்கும் அதற்கும் உறவுண்டா?
– வாசகர், சூளகிரி

பதில்: இல்லை. பழைய ழகரம் தெலுங்கில் பல சொற்களில் டகரமானது: கோழி கோடி ஆனது, ஏழு ஏடு ஆனது. (அந்த ஏட்டில் எழுத முடியாது!) நூறு லட்சத்தைக் குறிக்கும் கோடி வடமொழியிலிருந்து வந்தது, தெலுங்கர் அதில் டகரத்தை, ‘பாட்டு’ என்பதில் ஒலிப்பதுபோல, வன்மையாகச் சொல்வார்கள். நாம் இரண்டு ஒலிக்கும் ஒரே எழுத்தைப் போடுவதால்தான் குழப்பம். சந்தேகம் வந்தால் பன்மையைக் கவனியுங்கள்: ‘கோள்ளு’ கோழிகள், ‘கோட்லு’ கோடிகள். கன்னடத்தில் கோழி ‘கோளி’தான், அங்கே ‘கோடி’ என்றால் ஏரி நிரம்பி வழியும் இடம்.