இதயத் தசை தடித்தவர்களுக்கு வால்வு ஏன் கசிகிறது? வால்வை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

எல்லோருக்கும் மாற்ற வேண்டியதில்லை. பலருக்கு வால்வின் மேல் பெரிய குற்றமே இருக்காது. என் தம்பிக்கு இதயத் தசை தடிக்கும் இந்த நோய் (ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி) இருக்கிறது. ஆறு வருடமாக அவனோடு எக்கோ (இதய ஸ்கேன்) அறைக்குப் போய்வந்ததில் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

இரண்டு கீழறைகளுக்கும் நடுவில் இருக்கும் சுவர் சாதாரணமாக ஒரு சென்டிமீட்டர் தடிமன்தான் வரும். தம்பிக்கு 19 மில்லிமீட்டர். சுவர் புடைத்து நிற்பதால் ரத்தம் பெருந்தமனிக்குப் போகும் வழி குறுகிவிடுகிறது. அங்கே பாயும் ரத்தம், பக்கத்திலிருக்கும் மிட்ரல் வால்வின் (இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள வால்வு) முன் இதழையும் சுவர்ப் பக்கம் தள்ளிக்கொண்டு போகிறது. இந்த நோயில் பலருக்கு அந்த இதழ் கொஞ்சம் நீளமாகவே அமைந்திருக்கும். அது விலகினால் பின் இதழோடு சேராது. அந்த இடைவெளி வழியே ரத்தம் மேலறைக்குத் திரும்பிவிடும்.

அதனால் இந்தக் கசிவு ஒரே அளவில் இருக்காது. தம்பி படுத்திருந்தபோது திரையில் தெரிந்தது மெல்லிய கீற்றுதான். "மூச்சை அடக்கி நல்லா முக்குங்க" என்றார் டாக்டர். சில நொடிகளில் அந்தக் கீற்று பல நிறம் கலந்து மேலறையின் பின்சுவர் வரை விரிந்தது. உடம்பில் நீர் வற்றினாலும், வயிறு முட்டச் சாப்பிட்டாலும்கூட அதிகமாகலாம். நீர் பிரிய வைக்கும் மாத்திரையும் ரத்தக்குழாயை விரிக்கும் மாத்திரையும் சிலருக்கு நிலைமையை மோசமாக்கும். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் இந்த நோயைச் சொல்லிவிடுங்கள்.

முதலில் பார்த்த டாக்டர் வால்வை மாற்றச் சொன்னார். அன்று இரவு வீட்டில் யாரும் தூங்கவில்லை. இரண்டாவதாகப் பார்த்தவர், கசிவு எந்தப் பக்கம் பாய்கிறது என்றுதான் தேடினார். இதழ் இழுபட்டு வரும் கசிவு பெரும்பாலும் பின்பக்கமாகச் சாயும். முன்பக்கமாகவோ நேர் நடுவிலோ பாய்ந்தால், இதழைப் பிடித்திருக்கும் நாண் அறுந்ததா, வால்விலேயே கோளாறா என்று பார்ப்பார்கள். தம்பிக்குப் பின்பக்கம். பீட்டா பிளாக்கர் மாத்திரை கொடுத்தார். துடிப்பின் வேகமும் விசையும் குறைய, அடைப்பும் கசிவும் சேர்ந்தே குறைந்தன.

மாத்திரைக்கு அடங்காமல் மூச்சுத் திணறல் தொடர்ந்து, அடைப்புக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசமும் 50 மி.மீ. பாதரசத்தைத் தொட்டால், தடித்த சுவரைச் செதுக்கி எடுக்கும் அறுவை சிகிச்சை உண்டு. அதிலேயே பெரும்பாலோருக்கு வால்வு தப்பிவிடுகிறது. 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மாவாகாம்டென் மருந்தும் இப்போது இருக்கிறது. இதயத்தின் விசையையே குறைப்பதால் அடிக்கடி எக்கோ எடுக்க வேண்டும்.

இன்னொன்று, இது பெரும்பாலும் மரபணு வழியாக வருவது. பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளைகள் எல்லோரும் எக்கோ பார்த்துவிடுங்கள். நானும் பார்த்தேன், சுவர் 9 மில்லிமீட்டர். ஆனாலும் சில வருடத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள்.